மூன்றாவது கண்ணாடி

மேலே யாரும் என்னோடு வர வேண்டாம், நானே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மணிமாறனுக்கு முகம் வாடிவிட்டது. துணைக்கு வரேன் சார், பாதை வழுக்கும் சார், காட்டுமாடு நிக்கும் சார் என்று மூன்று சார் போட்டான். அவன் மனைவி ரஞ்சிதம் பிளாஸ்க்கைத் திறந்து டம்ளரில் காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆளைக் கூட்டிக்கொண்டு மேலே போனால் அவர்கள் பாறையைப் பார்ப்பதில்லை, என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் மூக்கைச் சொறிந்தால்கூட அதற்கு ஓர் அர்த்தம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் தனியாகத்தான் ஏறுவேன். மணி ஒன்பதே கால். தை பிறந்து நாலு நாள் ஆகிறது, வெயில் வந்தும் குளிர் போகவில்லை. முழங்கால் கோத்தகிரியில் பஸ் ஏறும்போதே முனக ஆரம்பித்துவிட்டது. முப்பத்தோரு வருஷம் புவியியல் துறையில் பாறை பார்த்தேன், ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகிறது, இன்னும் பார்க்கிறேன். மலையில் வீடு கட்டுகிறவர்களுக்கு மேலேயிருந்து கல் வருமா வராதா என்று சொல்வது என் வேலை. சொல்வது என்ன, கடைசிப் பதினாலு வருஷமாக நான் சொன்னதெல்லாம் ஒரே சொல், வேண்டாம். அலுவலகத்தில் எனக்குப் பெயரே வேண்டாம் சார். தேவநேசன் சார் இருக்காரா என்று யாராவது கேட்டால் பியூன் ஒரு நிமிஷம் யோசிப்பான். என் மனைவி புஷ்பம்கூட ஒருநாள் தோசைக் கரண்டியோடு வந்து நின்று, எல்லாத்துக்கும் வேண்டாம்னு சொல்றவரு என்னைப் பொண்ணு பாக்க வந்தப்ப மட்டும் எப்படிச் சரின்னு சொன்னீங்க என்று கேட்டாள். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது, எந்தக் கல்லும் விழுந்திருக்கவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். திறந்த வாயில் தோசையைப் போட்டுக்கொண்டேன்.

தேயிலைக்கு நடுவே பாதை ஓர் ஆள் போகிற அகலம்தான். செடியின் ஈரம் பேன்ட்டை நனைக்கிறது. பாறை வெடிப்பில் நான் ஒட்டிவைத்த மூன்று கண்ணாடியும் முழுசாக இருந்தால் வீடு, ஒன்று உடைந்திருந்தாலும் திருப்பூர். அப்படித்தான் ஆவணி மாதம் அவர்களிடம் சொன்னேன், திருப்பூர் என்ற சொல்லை மட்டும் நான் சொல்லவில்லை, மணிமாறன் சொன்னான். அவன் தேயிலைத் தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறான். இருப்பது தொழிற்சாலை வரிசையாகக் கட்டிக் கொடுத்த லைன் வீடு, அந்த லைனை இடிக்கப்போகிறார்கள், வைகாசிக்குள் காலி செய்ய வேண்டும். ரஞ்சிதத்துக்கு அம்மா வழியில் வந்த இந்த எட்டு சென்ட்தான் அவர்களுக்கு உலகத்தில் உள்ள ஒரே இடம். இங்கே கட்டக்கூடாது என்றால் மலையிறங்க வேண்டியதுதான், அவன் அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். ரஞ்சிதம் அங்கன்வாடியில் வேலை பார்க்கிறாள், அதை விட வேண்டும். பெண் ஒன்பதாவது படிக்கிறாள், அவளைப் பெயர்த்துக்கொண்டு போக வேண்டும். இதையெல்லாம் மணிமாறன் ஒரே மூச்சில் சொன்னான். ரஞ்சிதம் சொன்னது ஒன்றே ஒன்று. பாத்துச் சொல்லுங்க சார், பொய்யா மட்டும் சொல்லிராதீங்க. நான் பொய் சொல்கிறவன் இல்லை அம்மா என்று கொஞ்சம் முறைப்பாகவே பதில் சொன்னேன். யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டது அதை இல்லை. மனையில் நாலு மூலைக்கும் குச்சி நட்டுக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். இது சமையலறை, இது ஹால், இது பாப்பா படிக்கிற இடம் என்று கயிற்றைத் தாண்டித் தாண்டிக் காட்டினார்கள். இல்லாத வாசலில் நான் செருப்பைக் கழற்றப் போய்விட்டேன். இப்போது திரும்பிப் பார்த்தால் அந்தக் கயிறு தெரியவில்லை, இரண்டு பேரும் இரண்டு நிறமாகத் தெரிகிறார்கள், அவன் நிற்கிறான், அவள் உட்கார்ந்திருக்கிறாள். திரும்பிப் பார்க்கக்கூடாது. மேலே பார்க்க வேண்டும். மேலே மொட்டைக்கல் இருக்கிறது, தேயிலையும் தைலம் எடுக்கிற கற்பூரமரமும் முடிகிற இடத்தில், மூன்று மாடி உயரத்துக்கு, மழைக் கறுப்பு ஓடிய முகத்தோடு.

மரத்தைப் பார், மரம்தான் முதலில் சொல்லும். சில்வர் ஓக் வரிசையில் ஒவ்வொன்றாக மேட்டுப் பக்கப் பட்டையைத் தடவிக்கொண்டே போகிறேன். கல் உருண்டு வருகிற சரிவில் மரத்துக்கு அந்தப் பக்கம்தான் அடி விழும். பட்டை கிழிந்து, பிறகு உதடு மாதிரித் தடித்து மூடியிருக்கும். இங்கே ஒன்றிலும் காயம் இல்லை. இடது பக்க ஓடையோரம் மட்டும் இரண்டு மரத்தில் சின்னச் சின்ன வடு. சரி, அதைக் குறித்துக்கொள். ராஜரத்தினத்தின் வீட்டுக்கு மேலே நான் மரத்தைப் பார்க்கவில்லை. பதினாலு வருஷமாக எந்த மரத்தைத் தொட்டாலும் பார்க்காத அந்த மரங்கள் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன. அவர் போஸ்ட்மேன், மலையெல்லாம் நடந்தவர், அவருக்கே தெரிந்திருக்க வேண்டும் என்று ஆரம்ப நாட்களில் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அந்த ஆறுதல் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நல்ல வெயில் காலம், உச்சிப்பொழுது, நானும் அரைமணி நேரம் சரிவில் சுற்றினேன், கீழேயிருந்து கோழிக் குழம்பு வாசனை வந்துகொண்டே இருந்தது. எனக்காக அடித்த கோழி. ஆறிடப் போகுது சார் என்று அவர் மனைவி கூப்பிட்டார், நான் இறங்கிவிட்டேன். இன்னும் நூறடி ஏறியிருந்தால் புதிதாக உடைந்த வெள்ளைப் பாறை முகம் ஒன்றைப் பார்த்திருப்பேன். சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு கையெழுத்துப் போட்டேன், ஒன்றும் ஆகாது, தைரியமாகக் கட்டுங்கள் என்றேன். தைரியமாக என்று ஏன் சொன்னேனோ. ஐப்பசியில் மூன்றாம் நாள் மழை, காலை ஆறு மணி, அவர் பின்பக்கம் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தார். பீரோ அளவுக் கல். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன், திட்டு வாங்கிக்கொண்டு வரத்தான் போனேன். நீங்க என்ன சார் பண்ணுவீங்க, கல்லு உங்ககிட்ட சொல்லிட்டா வரும் என்று சொல்லிவிட்டு, உட்கார நாற்காலி போடச் சொன்னார். அதிலிருந்து முடிவு சொல்லும் முன் எவர் வீட்டிலும் நான் சாப்பிடுவதில்லை, காபியோடு சரி. அதிலிருந்து எவருக்கும் சரி என்றும் சொல்வதில்லை.

மூச்சு வாங்குகிறது. இந்தத் திருப்பத்தில் நிற்கலாம். காலடியில் ஒரு பெரிய கல், பாதி மண்ணுக்குள், மேலெல்லாம் பாசி, பக்கத்தில் முளைத்த தேயிலைச் செடிக்கே நாற்பது ஐம்பது வயது இருக்கும். இது விழுந்தபோது இங்கே தேயிலையே இருந்திருக்காது. நல்ல கல், பழைய கல். இப்படிப் பழைய கல்லாகக் கிடந்தால் நல்லது, புதிதாக ஒன்று, அடியில் புல் நசுங்கி இன்னும் மக்காமல் கிடந்தால் அங்கேயே திரும்பி இறங்கிவிடலாம். தேடுகிறேன், இல்லை. இல்லை என்றதும் மனசு சந்தோஷப்பட வேண்டும், ஆனால் உள்ளே என்னவோ சுருக்கென்கிறது. இல்லையென்றால் இன்னும் ஏற வேண்டும், ஏறினால் கண்ணாடி, கண்ணாடி முழுசாக இருந்தால் நான் வாயைத் திறந்து அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். பயம் கல்லைப் பார்த்து இல்லை என்பது எனக்கு ரொம்ப நாளாகத் தெரியும். தெரிந்து என்ன ஆகப்போகிறது. காலில் அட்டை ஏறியிருக்கிறதா என்று பார்த்தேன், தை மாதத்தில் அட்டை ஏது, இருந்தாலும் பார்த்தேன். நேரத்தைக் கடத்துவதற்கு எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை.

முதல் கண்ணாடி பாறையின் அடிவாரத்திலேயே. கண்ணாடி வைப்பது ஒன்றும் பெரிய வித்தை இல்லை. பாறையில் வெடிப்பு இருந்தால் அதற்குக் குறுக்கே பாலம் போட்ட மாதிரி ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனையையும் சிமென்டால் ஒட்டிவிட வேண்டும். பக்கத்தில் வெடிப்புக்கு இந்தப் புறம் ஓர் ஆணி, அந்தப் புறம் ஓர் ஆணி, நடுவில் எவ்வளவு தூரம் என்று நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். பாறை ஒரு நூல் நகர்ந்தாலும் கண்ணாடி தாங்காது. ஒரு மழைக்காலத்தைப் போகவிட்டு வந்து பார்த்தால் போதும். படத்துக்குச் சட்டம் போடுகிற கடையில்தான் துண்டு வாங்கினேன், விரல் நீளத்துக்கு இவ்வளவு சின்னதாக எந்தப் படத்துக்கு சார் என்று கடைக்காரர் கேட்டார். முதல் கண்ணாடி முழுசாக இருக்கிறது. தூசி படிந்து, ஒரு சிலந்தி அதன் அடியில் குடித்தனம் வைத்திருக்கிறது. ஆணிக்கு ஆணி அளந்தேன், நோட்டில் உள்ளதுதான். இரண்டாவது பத்தடி தள்ளி, இடுப்பு உயரத்தில். அதுவும் முழுசு. கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன், குளிர்ந்து வழவழவென்று, நேற்று ஒட்டின மாதிரி. இரண்டு முழுசு. மூன்றாவதும் முழுசாக இருந்தால் கீழே போய் என்ன சொல்வேன். கட்டுங்கள் என்றா. தைரியமாக என்றா. அந்த வீட்டின் பின்பக்கம் ஒரு காலை நேரம் மணிமாறன் வாயில் பிரஷ்ஷோடு நிற்பான். இல்லை, அந்தப் பெண் நிற்பாள், பெயர்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை, வேண்டுமென்றேதான் கேட்கவில்லை. இன்னும் ஒரு மழைக்காலம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டால் என்ன, தப்பே இல்லை, எல்லாரும் செய்வதுதான். வைகாசியில் லைனை இடித்துவிடுவார்கள். அவர்கள் திருப்பூர் போய்விடுவார்கள். அப்புறம் நான் பார்க்க ஒன்றும் இருக்காது.

மூன்றாவது உடைந்திருந்தது. ஏழெட்டு அடி தள்ளியே தெரிந்துவிட்டது, வெயில் அதில் ஒரே துண்டாக அடிக்காமல் நாலைந்தாகச் சிதறி அடித்தது. அப்பாடா என்றேன். வாய்விட்டே சொன்னேன், யாரும் இல்லாத மலையில். நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கின மாதிரி இருந்தது, முழங்கால் வலிகூடத் தெரியவில்லை. வேண்டாம் அம்மா, கண்ணாடி உடைந்துவிட்டது, நான்தான் முதலிலேயே சொன்னேனே, என்ன செய்வது, மலை அப்படி. வாக்கியம் தானாக வரிசையாக வந்து நின்றது, எத்தனை தடவை சொன்ன வாக்கியம். மணிமாறன் தலையைக் குனிந்துகொள்வான், ரஞ்சிதம் பிளாஸ்க்கை மூடுவாள், நான் இரண்டு மணி பஸ்ஸைப் பிடித்துவிடலாம், மழை வந்தால் இந்த வீடு என் தூக்கத்தில் வராது. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் எனக்கு என்னைப் பற்றியே உறைத்தது. பாறை நகர்கிறது என்று நினைத்துக்கொண்டு, அதற்கு நேர் கீழே, அப்பாடா என்று சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு இருந்த ஒரே இடம் போய்விட்டது, எனக்குச் சந்தோஷம். இதற்குப் பெயர் ஜாக்கிரதையா. வெட்கமாக இருந்தது. உண்மையில் வெட்கமாக இருந்தது. காது சூடாகிற அளவுக்கு. கட்டாத வீட்டின் மேல் கல் விழாது, அதனால் பதினாலு வருஷமாக நான் தப்பே செய்யாதவன். வேண்டாம் என்று நான் சொன்ன நாற்பது நாற்பத்தைந்து பேரில் எத்தனை பேர் நிம்மதியாகக் கட்டியிருக்கலாமோ, ஒருவரும் வந்து என்னைக் கேட்க முடியாது. ராஜரத்தினத்தின் கால் எனக்குத் தெரியும். அவர்கள் எங்கே போனார்கள், என்ன ஆனார்கள் என்று எனக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நான் முயற்சி செய்யவில்லை.

அளக்காமல் இறங்கக்கூடாது என்று எழுந்தேன், பழக்கம்தான், நல்ல எண்ணம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். பக்கத்தில் போனதும் முதலில் தெரிந்தது சிவப்பு. சிமென்ட் பூச்சின் மேல் மூன்று பொட்டு, மஞ்சள் மேல் குங்குமம், மழைத் தூறலில் கரைந்து ஒழுகியிருக்கிறது. அடியில் பாறை வட்டமாகக் கறுத்திருக்கிறது, கற்பூரம் எரிந்த கறுப்பு. வாடிப்போன செவ்வந்தி நாலு. வெடிப்புக்குள் தேங்காய் நார், ஓடு ஒரு சில்லு, பருப்பை எறும்பு துப்புரவாக முடித்திருக்கிறது. எனக்கு விளங்க ஒரு நிமிஷம் பிடித்தது. யாரோ இதைச் சாமியாக்கியிருக்கிறார்கள். ஆக்கி, நேர் எதிரே நின்று, ஓங்கித் தேங்காய் உடைத்திருக்கிறார்கள். நாசரேத்தில் ஞாயிறுபள்ளி தவறாமல் போனவன் நான், என் கையாலேயே சிமென்ட் பூசி மொட்டைக்கல்லில் ஒரு தெய்வத்தை எழுந்தருளப் பண்ணிவிட்டேன். கொழுந்து பறிக்கிற பெண்களாக இருக்கும் என்று நினைத்தேன். யாரும் தொடக்கூடாது, மேலே போகக்கூடாது என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தால் வேறு என்ன ஆகும். குனிந்து பார்த்தேன். பாறை நகர்ந்து உடைந்த கண்ணாடி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், குறுக்கே ஒரே கோடாகப் போகும், இல்லையென்றால் முனை பிய்ந்து சிமென்டை விட்டு வந்துவிடும். இது அப்படி இல்லை. நடுவில் ஒரு புள்ளி, அதிலிருந்து எல்லாப் பக்கமும் கீறல், பையன்கள் பந்தடித்த ஜன்னல் மாதிரி. துண்டுகள் ஒன்றோடு ஒன்று இடைவெளி இல்லாமல் ஒட்டி நிற்கின்றன. சிமென்டில் மயிரிழைகூட இல்லை. இனி ஆணி. நோட்டில் இருநூற்றுப் பதினாலு மில்லிமீட்டர். ஸ்கேலை வைத்தேன். இருநூற்றுப் பதினாலு. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி வைத்தேன். இருநூற்றுப் பதினாலு. நாலு தடவை அளந்தேன், ஒரு தடவையாவது பதினைந்து வராதா என்று அளந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றேன். மூன்றாவது கண்ணாடி உடைந்துள்ளது. அவ்வளவு எழுதினால் போதும். அது பொய் இல்லை, கண்ணாடி உடைந்துதான் இருக்கிறது, எவரும் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாம். ஒன்று உடைந்தாலும் கூடாது என்று வாக்குக் கொடுத்தது நான், அதன்படி நடந்துகொண்டவனும் நான். பொய்யா மட்டும் சொல்லிராதீங்க. பொய் இல்லையே அம்மா, ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. பேனாவை மூடினேன், திறந்தேன். சரி, பாறையைக் கேட்போம், நம்மைக் கேட்டால் நாம் விடிய விடிய இப்படியே பேசிக்கொண்டிருப்போம். சுத்தியலால் தட்டினேன், அடிவாரத்திலிருந்து கை எட்டும் உயரம்வரை, ஓரிடத்திலும் காலிக் குடத்துச் சத்தம் இல்லை, கெட்டியாக, கோவில் மணியின் விளிம்பில் தட்டின மாதிரி கையில் அதிர்ந்தது. வெடிப்பின் இரண்டு உதட்டிலும் கல்பாசி, பிரியாணியில் போடுகிற அதே கல்பாசி, வெடிப்பின் விளிம்புவரை வந்து மடிந்து உள்ளேயும் இறங்கியிருக்கிறது. அது இவ்வளவு வளர எத்தனை வருஷம் வேண்டும், நான் பிறப்பதற்கு முன்பே இந்த வெடிப்பு இப்படித்தான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்கிறது. பாறையின் அடுக்கு மலைக்கு உள்பக்கமாகச் சாய்ந்திருக்கிறது, நகர நினைத்தாலும் மலைக்குள்தான் நகர வேண்டும். சாய்வுமானியை வைத்து மூன்று இடத்தில் பார்த்தேன், மூன்றிலும் உள்பக்கம். இடது ஓடையில் மட்டும் சின்னக் கற்கள் வரும், தலையணை அளவு, அதிகம் போனால் ஒரு அரிசி மூட்டை அளவு. வீட்டை வலப்பக்கம் பன்னிரண்டு அடி தள்ளிப் போட்டு, மேட்டுப் பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு கல்சுவரும், அதற்கு முன்னால் அகலமாக ஒரு கால்வாயும் வெட்டிவிட்டால் அதுவும் வந்து விழுந்து அங்கேயே கிடக்கும். நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற பெருமழை வந்தால்? வரட்டும். இந்தக் கல் அப்படிப் பல மழையைப் பார்த்தாயிற்று. எல்லாவற்றையும் பார்த்தேன், எதையும் விடவில்லை, ஏற வேண்டிய நூறடியையும் ஏறிப் பார்த்தேன், முழங்கால் கெஞ்சக் கெஞ்ச. புதிதாக உடைந்த முகம் எங்கேயும் இல்லை. சாக்கு எல்லாம் தீர்ந்துபோனது. அந்த உச்சியில் நின்று சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, காற்று என்று சொல்லலாம், காற்று இல்லை. நிம்மதி. சற்று முன் அப்பாடா என்றேனே, அது தப்பித்தவனின் நிம்மதி. இது வேறு. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டவனின் நிம்மதி, இதை நான் மறந்தே போயிருந்தேன்.

இறங்கும்போது அந்தச் சொல்லைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தேன். கட்டலாம். வாய்க்குப் பழக்கமில்லை, புதுப் பல்செட் போட்ட மாதிரி இடறுகிறது. கட்டலாம் அம்மா. கட்டிக்கொள்ளுங்கள். தைரியமாக என்று மட்டும் சொல்லக்கூடாது, தைரியத்துக்கு இங்கே வேலை இல்லை. சில்வர் ஓக் வரிசையில் இரண்டு பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்கள், என்ன சார் தனியா பேசிட்டு வர்றீங்க என்று ஒருத்தி கேட்டாள். வயசாயிருச்சும்மா என்றேன். கொஞ்சம் பயமும் கூடவே இறங்கி வந்தது, இல்லையென்று சொல்ல மாட்டேன். அது வரட்டும், அதற்கும் ஒரு காபி கொடுப்பார்கள்.

மணிமாறன் பாதி வழிக்கே ஓடி வந்துவிட்டான். கட்டலாம் என்றேன். அவனுக்கு ஏறவில்லை. சரிங்க சார், மறுபடி எப்ப சார் பாப்பீங்க என்று கேட்டான், வேண்டாம் என்பதைத்தான் நான் நாகரிகமாக இழுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டான். என் பெயர் அவ்வளவு தூரம் பரவியிருக்கிறது. மறுபடி இல்லப்பா, இந்தத் தையிலேயே ஆரம்பி என்று சொல்லி, பன்னிரண்டு அடி, கல்சுவர், கால்வாய் எல்லாம் விவரமாகச் சொன்ன பிறகு அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான், விடவில்லை, பிறகு அண்ணனுக்குப் போன் பண்ண வேண்டும் என்று சிக்னல் கிடைக்கிற மேட்டைப் பார்த்து ஓடினான். ரஞ்சிதம் எழுந்திருக்கவில்லை. முகம் வெளுத்துப்போய் இருந்தது. சந்தோஷம் சிலருக்கு இப்படித்தான் வரும் என்று நினைத்தேன்.

"சார், மூணாவது கண்ணாடியைப் பாத்தீங்களா?" என்றாள்.

பார்த்தேன், உடைந்திருக்கிறது என்றேன். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். பிறகு ஒவ்வொன்றாக வந்தது. கார்த்திகையில் அடைமழை விட்ட மறுநாள் மனசு கேட்காமல் ஏறிப் பார்த்திருக்கிறாள், மூன்றும் முழுசாக இருந்திருக்கிறது. சந்தோஷம் தாங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை குளித்துவிட்டு, செருப்பைப் பாறைக்குக் கீழேயே விட்டுவிட்டு, தேங்காய் பழத்தோடு போயிருக்கிறாள்.

"இப்பிடியே கடைசி வரைக்கும் உடையாம இருக்கணும் தாயேன்னு கும்பிட்டுட்டு ஓங்கி உடைச்சேன் சார். தேங்கா ஒரு பக்கம் போச்சு, கண்ணாடி ஒரு பக்கம் போச்சு."

ஏழு வாரமாகப் புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொன்னால் அவன் உடைந்துபோவான். சொல்லாவிட்டால் அது எப்படி உடைந்தது என்று சாருக்குத் தெரியாமல் போகும். உங்ககிட்ட பொய் சொல்லாதீங்கன்னு சொல்லிட்டு நானே மறைச்சுட்டேன் சார் என்றாள். நானே என் வீட்டை உடைச்சுட்டேன்னு நினைச்சேன் சார் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டேன், அவள் அழுதுகொண்டே கொஞ்சம் சிரித்தாள். தேங்காயில் உடைந்த கண்ணாடி எப்படி இருக்கும், பாறை உடைத்த கண்ணாடி எப்படி இருக்கும், ஆணிக்கு ஆணி நாலு தடவை அளந்தது, எல்லாம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள், தலையாட்டினாள், ஆனால் ஒன்றும் உள்ளே போனதாகத் தெரியவில்லை. மில்லிமீட்டரைக் கேட்கிற முகம் இல்லை அது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, எழுந்து நின்று, என்னை நேராகப் பார்த்தாள்.

"அதெல்லாம் எனக்குப் புரியல சார். அடைமழை பெய்யறப்ப இந்த வீட்டுல நீங்க படுத்துத் தூங்குவீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை. ராஜரத்தினம் கேட்கவில்லை, சாப்பிடுங்கள் என்றுதான் சொன்னார். அதற்குப் பிறகு வந்தவர்களுக்குக் கேட்க நான் இடமே கொடுக்கவில்லை. மேலே மொட்டைக்கல்லில் வெயில் முழுசாக விழுந்திருந்தது. மணிமாறன் மேட்டில் நின்று யாரிடமோ சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தான். மழையை நினைத்துப் பார்த்தேன், ஐப்பசி மழை, மூன்றாம் நாள், ஓட்டில் விடாமல் அடிக்கிற சத்தம், இந்தக் கயிற்றுக்குப் பன்னிரண்டு அடி வலப்பக்கம் ஒரு பாய், அதில் நான்.

"தூங்குவேம்மா" என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.